வெள்ளி பூசிய ரேடியேட்டர்

சித்திரை வெயிலில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு பேருந்துக்குக் காத்து நின்றவர்களுக்கு இயற்பியல் பாடம் தனியாக நடத்த வேண்டியதில்லை. கறுப்பு சூட்டை வாங்கிக்கொள்ளும். வெள்ளை திருப்பி அனுப்பிவிடும். மொட்டைமாடிக்கு வெள்ளையடிப்பது அதனால்தான். பள்ளிப் புத்தகம் இதோடு இன்னொரு வரியும் சொல்லிக்கொடுத்திருக்கும்: நன்றாக வாங்குகிற பொருள் நன்றாகக் கொடுக்கவும் செய்யும். அப்படியானால், அறைக்குச் சூடு கொடுக்கவென்றே வாங்கி வைத்த ஒரு பொருளுக்குக் கறுப்புப் பெயின்ட்தானே அடிக்க வேண்டும்?

டொரண்டோவில் ஒரு நண்பர் வீட்டில், அக்டோபர் கடைசியில், இந்தக் கேள்வி என்னிடம் வந்தது. 1920களில் கட்டிய செங்கல் வீடு. ஒவ்வோர் அறையிலும் ஜன்னலுக்குக் கீழே வார்ப்பிரும்பில் ஒரு ரேடியேட்டர். நமக்கு ரேடியேட்டர் என்றதும் லாரியின் முகப்பும், மலைப்பாதையில் கொதித்துப்போன வண்டியின் மூடியைத் துணி சுற்றித் திறக்கும் கிளீனரும்தான் நினைவுக்கு வரும். இது வேறு ஜாதி. ஆர்மோனியத்தின் துருத்தியை விரித்து நிறுத்திவைத்த மாதிரி, உள்ளே கூடான இரும்புப் பலகைகள் வரிசையாக ஒன்றோடொன்று கோத்திருக்கும். நிலவறையில் உள்ள பாய்லரிலிருந்து வெந்நீர் குழாய் வழியாக ஏறிவந்து, இந்தக் கூடுகளுக்குள் சுற்றி, சூட்டை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப்போகும். நான்கைந்து மாதம் பனி பெய்யும் ஊரில் இது அலங்காரமில்லை, உயிர்ச்சாமான்.

அந்த வீட்டு ரேடியேட்டர்கள் அத்தனைக்கும் முன்பு யாரோ வெள்ளிப் பெயின்ட் அடித்திருந்தார்கள். நம்மூரில் இரும்பு கேட்டுக்கும் கிரில்லுக்கும் அடிப்போமே, அந்த அலுமினியப் பெயின்ட். அது மங்கி, அங்கங்கே அழுக்கேறிக் கிடந்தது. நண்பர் டப்பாவும் பிரஷ்ஷும் வாங்கப் புறப்படும் நேரத்தில் நின்று கேட்டார்:

“அண்ணை, கறுப்பு அடிச்சா சூடு கூடுமெண்டு ஒருத்தர் சொல்லுறார். மனுசி வெள்ளைதான் வடிவெண்டு சொல்லுறா. அம்மாவுக்கு இந்த வெள்ளிக் கலர்தான் விருப்பம். நீங்கள் சயன்ஸ் எழுதுற ஆள்தானே, எது சரியெண்டு சொல்லுங்கோ.”

கறுப்பும் வெள்ளையும் ஒன்றுதான், எது வேண்டுமானாலும் அடியுங்கள். வெள்ளி மட்டும் வேண்டாம் என்றேன். அம்மா என்னை நம்பவில்லை. நண்பரும் முழுதாக நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நியாயம்தான். கறுப்பும் வெள்ளையும் ஒன்று என்றால் வெயிலில் நின்ற சட்டை என்ன ஆயிற்று?

பெயரில் பாதிதான் உண்மை

ரேடியேட்டர் என்ற பெயருக்குக் ‘கதிர் வீசுவது’ என்று பொருள். பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள். சூடான இரும்பு இரண்டு வழிகளில் அறைக்குச் சூடு தருகிறது.

முதல் வழி காற்று. இரும்பைத் தொட்ட காற்று சூடாகி, இலேசாகி, மேலே எழும். அதன் இடத்துக்குத் தரையோரக் குளிர்காற்று வரும். சாம்பிராணிப் புகை மேலே போவதைப் பார்த்தால் இது புரியும். இதற்கு வெப்பச்சலனம் என்று பெயர். பலகைகளை இத்தனை மடிப்பாகச் செய்வது இதற்காகத்தான்: மடிப்புக் கூடக்கூடக் காற்று தொடும் பரப்பும் கூடும். மடிப்புக்குள் தூசி அடைந்தால் இந்த வழி அடைபடும் என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. லாரி ரேடியேட்டர் ஏறக்குறைய முழுக்க இந்த வழியை நம்பித்தான் இருக்கிறது. அதற்கென்று ஒரு விசிறியும் வைத்திருக்கிறோம்.

இரண்டாவது வழி கதிர். எரியும் விறகடுப்புக்கு எதிரே உட்கார்ந்தால் முகம் சுடுகிறது, முதுகு குளிர்கிறது. நடுவில் உள்ள காற்று சுட்டிருந்தால் முதுகுக்கும் கொஞ்சம் வந்திருக்குமே! வெளிச்சம் போலவே நேர்கோட்டில் ஓடிவந்து தைக்கும் இந்தச் சூடு, கண்ணுக்குத் தெரியாத ஒருவகை ஒளி. சிவப்புக்கு அப்பால் இருப்பதால் அகச்சிவப்புக் கதிர் என்கிறோம்.

பெயின்டின் நிறம், பளபளப்பு எல்லாம் இந்த இரண்டாவது வழியைத்தான் தொடும். எழுந்து போகிற காற்று தன்னைத் தொட்ட இரும்பு என்ன நிறம் என்று பார்ப்பதில்லை.

தண்ணீர் நிரப்பிய தகரப் பெட்டி

இந்த விஷயத்தை முதலில் முறையாகச் சோதித்தவர்களில் ஒருவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் லெஸ்லி. 1804இல் வெப்பத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தில் ஒரு சோதனை வருகிறது. எளிய சோதனை, ஆனால் இன்றும் பள்ளி ஆய்வகங்களில் அவர் பெயரால் நடக்கிறது.

தகரத்தில் ஒரு கனசதுரப் பெட்டி. உள்ளே வெந்நீர். பெட்டியின் ஒரு முகத்தில் விளக்குக்கரி பூசினார். ஒன்றில் எழுதும் காகிதம் ஒட்டினார். ஒன்றைப் பளபளவென்று தேய்த்து விட்டுவிட்டார். உள்ளே ஒரே தண்ணீர், ஆகவே எல்லா முகங்களும் ஒரே சூடு. ஒவ்வொரு முகமாகத் திருப்பி, வருகிற கதிரை ஒரு குழியாடியால் குவித்து, தான் உருவாக்கிய நுட்பமான வெப்பமானியில் அளந்தார்.

விளக்குக்கரி முகம் 100 பங்கு கதிர் வீசியது என்று வைத்துக்கொண்டால், பளபளத்த தகரம் வெறும் 12. இது வரைக்கும் நம் ஊகத்தோடு ஒத்துப்போகிறது. அடுத்த எண்தான் ஆளைத் தூக்கிவாரிப் போடுகிறது. வெள்ளைக் காகிதம்: 98. கரிக்கும் காகிதத்துக்கும் இரண்டே பங்கு வித்தியாசம். கண்ணாடிகூட 90 வீசியது.

(இந்தப் புத்தகத்துக்கு ஒரு கிளைக்கதை உண்டு. மறு ஆண்டில் எடின்பரோவில் லெஸ்லியைக் கணிதப் பேராசிரியராக்கும் பேச்சு வந்தபோது, சமயகுருமார்கள் சிலர் எதிர்த்துக் கிளம்பினார்கள். வெப்பத்துக்காக அல்ல, புத்தகத்தின் ஓர் அடிக்குறிப்பில் நாத்திகராகக் கருதப்பட்ட டேவிட் ஹியூமின் தத்துவத்தைப் பாராட்டியிருந்தார் என்பதற்காக. லெஸ்லிக்கு வேலை கிடைத்துவிட்டது. அடிக்குறிப்பு எழுதுகிறவர்கள் கவனிக்க.)

ஒரு பரப்பு எவ்வளவு தாராளமாகக் கதிர் வீசுகிறது என்பதற்கு உமிழ்திறன் என்று பெயர். முழுத் தாராளத்துக்கு 1. முழுக் கஞ்சத்தனத்துக்கு 0. கரியும் காகிதமும் தாராளம். தேய்த்த உலோகம் மகா கஞ்சன். நண்பரின் ரேடியேட்டர் வேறொன்றுமில்லை, லெஸ்லியின் வெந்நீர்ப் பெட்டிதான். அளவு பெரிது, அவ்வளவே.

கண்ணுக்கு வெள்ளை, கதிருக்குக் கறுப்பு

காகிதம் ஏன் கரியைப் போல நடந்துகொள்கிறது? வெள்ளை, கறுப்பு என்பதெல்லாம் நம் கண் கொடுக்கும் சாட்சியம். கண் பார்ப்பது ஒளியலைகளில் மிகக் குறுகிய ஒரு பட்டையை. மில்லிமீட்டரை ஆயிரமாகக் கூறுபோட்டால் கிடைப்பது ஒரு மைக்ரான். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. எழுபது எண்பது டிகிரி சூட்டில் இருக்கும் ஓர் இரும்பு வீசும் கதிரோ 8 மைக்ரானை ஒட்டி உச்சம் பெறுகிறது. பத்து மடங்குக்கு மேல் நீண்ட அலை. கண் பார்த்த நிறத்தை வைத்து இந்த அலையிடம் பேச முடியாது.

வெள்ளைப் பெயின்டில் இருக்கும் நிறமித் துகள்கள் குறுகிய அலைகளை நாலாபக்கமும் சிதறடிக்கின்றன. அதனால் வெள்ளையாகத் தெரிகிறது. 8 மைக்ரான் அலைக்கு முன்னால் அந்த வித்தை பலிக்காது. துகள்களைப் பிடித்துவைத்திருக்கும் பிசின் அந்த அலைகளை விழுங்குகிறது. விழுங்குவது வீசும் என்ற விதி, 1859இல் இயற்பியலாளர் கிர்ச்சாஃப் நிலைநாட்டியது, இங்கும் பிசகவில்லை. ஆனால் பள்ளிப் புத்தகம் ஒரு சொல்லை விட்டுவிட்டது: ‘அதே அலைநீளத்தில்’. வெயிலில் நின்ற சட்டை வாங்கியது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அதற்கு மிக அருகில் உள்ள அகச்சிவப்பையும். ரேடியேட்டர் கொடுப்பது வேறு கதிர். இரண்டு கடைக்கும் ஒரே விலைப்பட்டியல் செல்லாது.

ஆக வெள்ளை, கறுப்பு, பச்சை, அரக்கு எல்லாப் பெயின்டுக்கும் உமிழ்திறன் 0.9ஐ ஒட்டியே இருக்கும். விதிவிலக்கு, உலோகம் கலந்த பெயின்ட். அலுமினியப் பெயின்டுக்குள் இருப்பது பொடியல்ல, சின்னஞ்சிறு தகடுகள். பூசியதும் அவை மேலே மிதந்துவந்து, மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்துகொள்கின்றன. உலோகத்துக்குள் கட்டற்று அலையும் எலெக்ட்ரான்கள் நீண்ட அலைகளை உள்ளே விடுவதில்லை. உள்ளிருந்து வெளியே அனுப்புவதுமில்லை. அத்தகைய பூச்சின் உமிழ்திறன் 0.3, 0.5 என்று ஆகிவிடுகிறது.

இதையே வேண்டுமென்று செய்யும் ஒரு பொருள் நம் வீட்டிலேயே இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் காப்பி எடுத்துப்போன கண்ணாடி பிளாஸ்க் கை தவறி உடைந்தால் உள்ளேயிருந்து வெள்ளி பூசிய சில்லுகள் கொட்டுமே, அந்தப் பூச்சு எதற்கு? காப்பியின் சூடு கதிராக வெளியேறக் கூடாது என்பதற்கு. ரேடியேட்டருக்கு வெள்ளிப் பெயின்ட் அடிப்பவர், பிளாஸ்குக்குச் செய்வதில் ஒரு பகுதியை ரேடியேட்டருக்குச் செய்கிறார்.

நண்பரை நம்பவைக்க ஒரு கருவி உதவியது. கொரோனா காலத்தில் கடைவாசலில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்தத் துப்பாக்கியின் உறவுக்காரன். கட்டட வேலைக்காரர்கள் வைத்திருப்பது. அது வெப்பத்தைத் தொட்டு அளப்பதில்லை, வருகிற கதிரைப் பார்த்து ஊகிக்கிறது. வெள்ளி ரேடியேட்டர்மேல் காட்டினோம்: 44 டிகிரி. அதே இடத்தில் ஒரு துண்டு காகித டேப்பை ஒட்டி, சற்றுப் பொறுத்து டேப்மேல் காட்டினோம்: 63. இரும்பு அதே இரும்பு. வெள்ளிப் பூச்சு கருவியை ஏமாற்றியது போலவே அறையையும் ஏமாற்றிக்கொண்டிருந்தது.

ஒரு ரேடியேட்டரின் வரவு செலவு

சரி, ஏமாற்று எவ்வளவு? முன்னறையில் இருந்த ரேடியேட்டரை எடுத்துக்கொள்வோம். அகலம் ஒரு மீட்டர், உயரம் 75 சென்டிமீட்டர், ஆழம் 20. பதினாறு பலகைகள். மடிப்பெல்லாம் விரித்து அளந்தால் ஏறக்குறைய 5 சதுர மீட்டர் இரும்பு காற்றைத் தொடுகிறது. மேற்பரப்பு 70 டிகிரி, அறை 20 டிகிரி என்று வைப்போம்.

காற்றின் பங்கு முதலில். இத்தகைய சூட்டில் ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் காற்று ஏறக்குறைய 250, 260 வாட் எடுத்துப்போகும். ஐந்து சதுர மீட்டருக்கு 1,300 வாட்.

கதிரின் பங்குக்கு ஒரு சூட்சுமம் இருக்கிறது. உள்மடிப்பில் இருக்கும் பலகை வீசும் கதிர் எதிரே நிற்கும் பலகையின்மேல் விழுகிறது. அது திருப்பி வீசுகிறது. பணத்தை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றுவது மாதிரி; அறைக்கு ஒரு காசும் போகாது. ரேடியேட்டருக்கு ஒரு போர்வையை இழுத்துப் போர்த்தினால் அந்தப் போர்வையின் பரப்பு எவ்வளவோ அவ்வளவுதான் கதிருக்குக் கணக்கு. நம்முடையதற்கு அது சுமார் 2.2 சதுர மீட்டர். சாதாரணப் பெயின்ட் அடித்த பரப்பு இந்தச் சூட்டில் சதுர மீட்டருக்கு 330 வாட் வீசும். மொத்தம் 700 வாட் சொச்சம்.

ஆக இரண்டும் சேர்ந்து 2,000 வாட். ரேடியேட்டர் என்று பெயர் வைத்துக்கொண்டு, கதிராகத் தருவது மூன்றில் ஒரு பங்குதான்.

இப்போது வெள்ளிப் பூச்சு. வெளிமுகத்தில் கதிர் பாதிக்கும் கீழே போகிறது. ஆனால் மடிப்புகளின் ஆழத்திலிருந்து கதிர் பலமுறை மோதி மோதி வெளியே கசிவதால் இழப்பு சற்று ஈடுகட்டப்படும். கூட்டிக்கழித்தால் 700 வாட்டில் ஏறக்குறைய 350 போய்விடும். மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு. பலகைகள் ஒல்லியாக, மடிப்புக் குறைவாக இருந்தால் கதிரின் பங்கு கூடுதல் என்பதால் இழப்பும் கூடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ஆலன் நேரடியாகச் சோதித்துப் பார்த்தார். வெறும் இரும்பு 100 தந்த இடத்தில் அலுமினியப் பூச்சு 75 தந்தது. செம்புப் பூச்சு 76. வெள்ளை எனாமல் 101. கறுப்புக்காகச் சண்டை போடுகிறவர்களுக்கு அந்த 101 ஒன்றே போதும்.

மேல்தோல் பேசுகிறது

அப்படியானால் பழைய வெள்ளியைச் சுரண்டி எடுத்துவிட வேண்டுமா? இங்கேதான் இயற்பியல் நமக்குச் சாதகமாக இருக்கிறது. கதிர் வீசுவது ஆகக் கடைசிப் பூச்சின் மேல்தோல். அதற்குக் கீழே வெள்ளி இருக்கிறதா, தங்கம் இருக்கிறதா என்பது கதிருக்குத் தெரியாது. வெள்ளிக்கு மேலே சாதாரணப் பெயின்ட் ஏறினால் உமிழ்திறன் 0.9க்குத் திரும்பிவிடும்.

பூச்சுக்கு மேல் பூச்சு ஏறினால் அது கம்பளி போட்ட மாதிரி ஆகிவிடாதா என்று நண்பர் கேட்டார். நல்ல கேள்வி, எண் போட்டுப் பார்க்கலாம். காய்ந்த பூச்சு ஒன்று மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு கனம். நூறு வருடத்தில் பத்துப் பூச்சு ஏறியிருந்தாலும் அரை மில்லிமீட்டர். நம் ரேடியேட்டரின் 2,000 வாட், 5 சதுர மீட்டர் வழியாக அந்த அரை மில்லிமீட்டரைக் கடக்க இழப்பது ஏறக்குறைய ஒரு டிகிரி. இரும்புக்கும் அறைக்கும் இடையே ஐம்பது டிகிரி வித்தியாசம் இருக்கும் இடத்தில் ஒரு டிகிரியைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. வார்ப்பில் செதுக்கிய பூவேலைப்பாடு பெயின்டில் மூழ்கிப்போய்விட்டது என்று வருத்தப்படலாம். அது அழகுக் கணக்கு.

சுரண்டாதீர்கள்

சுரண்ட வேண்டியதில்லை என்பது சோம்பேறிகளுக்குச் சலுகையாகச் சொல்லப்பட்டதல்ல. 1920களின் வீட்டில், பத்துப் பூச்சுகளில் கீழே உள்ளவை ஈயம் கலந்தவை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கனடாவில் 1960க்கு முன் கட்டிய வீடுகளுக்கு அந்நாட்டுச் சுகாதாரத் துறை இதையே சொல்கிறது. அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978இல். இந்தியாவில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். நம்மூர்ப் பழைய கேட்டைச் சுரண்டுகிறவர்களும் இந்தப் பத்தியைத் தங்களுக்கென்று வாசிக்கலாம்.

பெயின்ட் ஒட்டிக்கொண்டிருக்கும் வரை ஈயம் பெரிய தொல்லையில்லை. உப்புத்தாளை உலரத் தேய்த்துப் பொடியாக்கினாலோ, சூட்டுத் துப்பாக்கியால் பொசுக்கினாலோ அது மூச்சில் கலக்கிறது. தரையில் படிந்து, தவழும் குழந்தையின் கையிலும் பிறகு வாயிலும் போகிறது. குழந்தையின் மூளைக்கு ஈயம் செய்யும் கேட்டைத் திருப்பிச் சரிசெய்ய வழியில்லை. ஆகவே உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய பூச்சைத் தொந்தரவு செய்யக் கூடாது. சந்தேகம் இருந்தால் உதிர்ந்த ஒரு செதிலைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பலாம். பெரிய பெரிய பாளமாக உரிந்துகொண்டிருந்தால், அது ஞாயிற்றுக்கிழமை வேலையல்ல; ஈயப் பெயின்ட் அகற்றப் பயிற்சி பெற்றவர்களைக் கூப்பிட வேண்டும், அல்லது ரேடியேட்டரைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். கழற்றுவதற்கு நாலு ஆள் வேண்டும். வார்ப்பிரும்பின் எடை அப்படி.

பிரஷ்ஷைத் தொடும் முன்னால்

நண்பர் வீட்டில் பூச்சு உறுதியாகத்தான் இருந்தது. வேலையின் பெரும்பகுதி பெயின்ட் அடிப்பதல்ல, கழுவுவது. பாய்லரை அணைத்து, இரும்பு முழுதும் ஆறும்வரை காத்திருந்தோம். சூடான இரும்பில் பெயின்ட் அடித்தால் கரைப்பான் அவசரமாக ஆவியாகி, பூச்சு கொப்புளமும் தழும்புமாகப் போய்விடும். மடிப்புகளுக்குள் பல வருடத் தூசி திரித்திரியாக இருந்தது. ஈரத்துணியை ஒரு நீண்ட குச்சியில் சுற்றித் துடைத்து, சோப்புநீரில் எண்ணெய்ப்பசை போகக் கழுவி, பளபளப்பு மட்டும் சற்று மழுங்கும்படி தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால் இலேசாக உரசி, அந்தக் கசடையும் ஈரமாகவே துடைத்தெடுத்தோம். துரு தெரிந்த இடங்களுக்குத் துருத் தடுக்கும் பிரைமர். முதல் பூச்சே தண்ணீரில் கரைத்த பெயின்டாக வெறும் இரும்பின்மேல் போனால், காய்வதற்குள் துரு பூத்துச் செம்புள்ளி விழும். பிறகு எண்ணெய் அடிப்படையிலான எனாமல், மெல்லியதாக இரண்டு பூச்சு. மடிப்புக்குள் நுழைவதற்கென்றே கழுத்து வளைந்த நீண்ட பிரஷ் விற்கிறார்கள்; அது இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

தீ தாங்கும் விசேஷப் பெயின்ட் வேண்டாம். உள்ளே ஓடுவது வெந்நீர். நீராவி ஓடும் வீடுகளிலும் நூறு டிகிரியை ஒட்டித்தான் சூடு. வெள்ளை எனாமல் நாளடைவில் பழுக்கும் என்பதை மட்டும் மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கச் சொன்னேன். காற்றுத் துவாரம், வால்வின் தண்டு இரண்டிலும் பெயின்ட் படக் கூடாது. பட்டால் இறுகிப்போகும். முதல் தடவை சூடேறும்போது வாடை வரும். ஜன்னலைத் திறந்து வைத்துவிட வேண்டியதுதான்.

தலை குளிர்ந்தால், கால் குளிர்ந்தால்

இவ்வளவு பேசியும், ரேடியேட்டர் சூடு தரவில்லை என்று புகார் வரும் வீடுகளில் பெரும்பாலும் குற்றவாளி பெயின்ட் அல்ல. கையை மேலிருந்து கீழே தடவிப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

மேலே குளிர்ந்து கீழே சுட்டால் உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது. தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருந்த காற்று பிரிந்து உச்சியில் சேர்கிறது. அந்த இடத்துக்கு வெந்நீர் ஏற முடியாது. ஆறிய பிறகு, உச்சியில் உள்ள சிறு திருகை அதற்கென்று இருக்கும் சாவியால் கால் சுற்றுத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்றுப் போகும். தண்ணீர் எட்டிப்பார்த்ததும் மூட வேண்டும். முன்னறை ரேடியேட்டரில் மேற்பகுதி மூன்றில் ஒரு பங்கு இப்படி வெட்டியாகக் கிடந்தது. வெள்ளிப் பெயின்ட் தின்றதைவிட இது இரட்டிப்பு. ஒரு நிமிட வேலை.

கீழே நடுப்பகுதி மட்டும் குளிர்ந்தால் கறுப்பு வண்டல் படிந்திருக்கிறது. இரும்பு தண்ணீரோடு கலந்து உண்டாக்கும் காந்தத்தன்மை கொண்ட ஆக்சைடு அது. வெளியே எடுத்தால் தண்ணீர் மை போல வரும். உடனே முழுத் தண்ணீரையும் மாற்றிவிடத் தோன்றும். தேவையில்லாமல் அடிக்கடி மாற்றக் கூடாது. பழைய தண்ணீரில் இருந்த ஆக்சிஜனை இரும்பு எப்போதோ தின்று தீர்த்துவிட்டது. இனி அரிக்க அதனிடம் பெரிதாக ஒன்றுமில்லை. புதுத் தண்ணீர் புது ஆக்சிஜனோடு வரும். நூறு வருட வார்ப்பிரும்பு உள்ளே இற்றுப்போகாமல் நிற்பதன் ரகசியம் அந்த அழுக்குத் தண்ணீர்தான்.

நியூயார்க்கின் பழைய அடுக்ககங்களில் வெந்நீருக்குப் பதில் நீராவி ஓடும். நள்ளிரவில் யாரோ சுத்தியலால் குழாயை அடிப்பது போல் சத்தம் கேட்டுக் குடிவந்தவர்கள் திடுக்கிட்டு எழுவார்கள். ஒரே குழாயில் நீராவி ஏறவும் குளிர்ந்த நீர் இறங்கவும் வேண்டும். ரேடியேட்டர் வால்வுப் பக்கம் சற்றே சரிந்திருந்தால்தான் நீர் வடியும். மரத்தரை தாழ்ந்து சரிவு மாறினால் நீர் தேங்கும். நீராவி அதை அள்ளிக் குழாய்ச் சுவரில் அறையும். கால்களுக்கு அடியில் ஓர் ஆப்பு வைத்தாலே பல வீடுகளில் பேய் ஓடிப்போகும். அந்த வால்வை முழுதாகத் திறக்க வேண்டும், அல்லது முழுதாக மூட வேண்டும். பாதியில் நிறுத்தினால் மறுபடி சத்தம்தான்.

வெள்ளிக்கும் ஒரு நியாயம்

அப்படியானால் வெள்ளிப் பெயின்ட் அடித்த முன்னோர்கள் விவரமற்றவர்களா? அமெரிக்க வெப்பமூட்டும் முறைகளின் வரலாற்றை நிறைய எழுதியிருக்கும் டான் ஹோலஹன் வேறொரு கதை சொல்கிறார். 1918இன் விஷக்காய்ச்சலுக்குப் பிறகு, குளிர்காலத்திலும் ஜன்னலைத் திறந்து வைத்துக் காற்றோட்டம் விட வேண்டும் என்ற எண்ணம் பரவியது; திறந்த ஜன்னலுக்கும் ஈடுகொடுக்கும்படி ரேடியேட்டர்களைப் பெரிதாக வைத்தார்கள். பயம் தணிந்து ஜன்னல்கள் மூடிய பிறகு அறை வெந்தது. சூட்டைக் குறைக்க வெள்ளிப் பெயின்ட் மலிவான வழி. அந்தச் சூடு வீணாவதுமில்லை: ரேடியேட்டர் கொடுக்காத சூடு தண்ணீரிலேயே தங்கி அடுத்த அறைக்குப் போகும்.

இதைச் சொன்னதும் அம்மாவின் முகத்தில் முதன்முறையாக வெளிச்சம் வந்தது. முன்னறைக்கும் படுக்கையறைகளுக்கும் மனைவி விரும்பிய வெள்ளை ஏறியது. சமையலறை ரேடியேட்டரைக் கழுவியதோடு விட்டுவிட்டோம். அது இன்னும் வெள்ளியாகவே இருக்கிறது. அங்கே காலையும் மாலையும் புட்டுப்பானை அடுப்பில் ஏறுகிறது. அறை சூட்டுக்குக் குறைவில்லை.